மூலக்கூறு வடிவமைப்புக் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் சேரும் ஸ்காலர் யாராக இருந்தாலும், இரண்டாவது மாதத்தில் ஒருநாள் திறந்த லேப்டாப்போடு என் மேசைக்கு வருவார். "அக்கா, டாக்கிங் ஸ்கோர் மைனஸ் பதினொன்னு வந்திருக்கு!" அந்த முகத்தைப் பார்த்தால் எதுவும் கேட்க மனம் வராது. டாக்கிங் என்றால், ஒரு சிறு மூலக்கூறு (லிகண்ட்) புரதத்தில் எங்கே, எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று கணினியில் கணிப்பது; ஸ்கோர் எவ்வளவு மைனஸில் போகிறதோ அவ்வளவு நல்லது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்: "ஹிஸ்டிடின்ல ஹைட்ரஜனை எங்க வச்சே?" பெரும்பாலும் பதில் இருக்காது. மென்பொருள் தானாகவே ஓரிடத்தில் வைத்திருக்கும்.

குடுவையில் வேலை செய்பவர்களுக்குத் தவறு நடந்தால் நிறம் மாறும், வீழ்படிவு இறங்கும், நாற்றமாவது அடிக்கும். கணினியில் மூலக்கூறு வடிவமைக்கும் நமக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் கிடையாது. தப்பான அமைப்பைக் கொடுத்தாலும் கணினி ஓர் எண்ணைத் தந்துவிடும். ரன் பிழையில்லாமல் முடிந்துவிட்டது, ஆகவே விடை சரி என்று எடுத்துக்கொள்வதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஜாபைக் கணினிக் கிளஸ்டரில் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-கதிர் படிகவியலில் நாம் பார்ப்பது எலக்ட்ரான் அடர்த்தியை. ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒரே ஒரு எலக்ட்ரான். ஆகவே புரதத் தரவு வங்கியிலிருந்து (பி.டி.பி.) இறக்கும் பெரும்பாலான படிக அமைப்புகளில் ஹைட்ரஜன் இருக்காது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள் உண்டு. புரோட்டான், அதாவது அந்த ஹைட்ரஜன், இதில் இருக்கலாம், அதில் இருக்கலாம், இரண்டிலும் இருக்கலாம். போதாததற்கு, அடர்த்தி வரைபடத்தில் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால், வளையமே 180 பாகை திருப்பி வைக்கப்பட்டிருக்கலாம். உங்கள் லிகண்ட் அந்த ஹிஸ்டிடினோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது என்றால், ஹைட்ரஜனைக் கொடுப்பது யார், வாங்குவது யார் என்பதே மாறிவிடும். அதனால் பிணைப்பிடத்தைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டிடின், ஆஸ்பார்டேட், குளூட்டமேட் ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கி, கண்ணால் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

லிகண்டிலும் இதே கதைதான். ஹைட்ரஜன் இடம் மாறினால் மூலக்கூறின் வடிவமே வேறு. 1953-ல் டி.என்.ஏ. மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்த வாட்சன், அதன் காரங்களான குவானினையும் தைமினையும் அன்றைய பாடநூல்களில் இருந்தபடியே ஈனால் வடிவில் (ஹைட்ரஜன் ஆக்சிஜன்மேல் இருக்கும் வடிவம்) வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அறையில் வேலை செய்த வேதியியலாளர் ஜெரி டோனஹியூதான் கீட்டோ வடிவமே (ஹைட்ரஜன் நைட்ரஜன்மேல் இருப்பது) சரி என்று சொன்னார். அதற்குப் பிறகே அட்டையில் வெட்டிய காரங்கள் சரியாக ஜோடி சேர்ந்தன. அடுத்த மேசையில் இருப்பவரிடம் தன் அமைப்பைக் காட்டியதால் தீர்ந்த சிக்கல் அது. புதியவர்கள் பலர் முடிவைத்தான் காட்டுகிறார்கள். தயாரித்த அமைப்பை யாருக்கும் காட்டுவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது தண்ணீர். "எல்லா நீர் மூலக்கூறுகளையும் நீக்கு" என்று பயிற்சிக் குறிப்புகளில் இருக்கும் வரியை அப்படியே பின்பற்றிவிடுகிறார்கள். எச்.ஐ.வி. வைரஸின் புரதம் வெட்டும் நொதியான எச்.ஐ.வி. புரோட்டியேஸைப் பாருங்கள். மூடிபோல இருக்கும் அதன் இரண்டு மடிப்புகளிலும் உள்ள ஐசோலியூசின் 50-ஐயும் (சங்கிலியில் 50-ஆவது அமினோ அமிலம்) தடுப்பு மூலக்கூறையும் ஒரே ஒரு நீர் மூலக்கூறு பாலம்போல இணைக்கிறது. அதை நீக்கிவிட்டு டாக்கிங் செய்தால், பல தடுப்பான்கள் உட்காரும் முறையே புரியாமல் போகும். அதே நீரின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்படி ஒரு கார்பனைல் ஆக்சிஜனை வைத்து 1994-ல் வளைய யூரியா தடுப்பான்களை வடிவமைத்தார்கள். அந்த நீரைக் கவனித்தவர்களுக்கே அந்த யோசனை வந்தது. எந்த நீரை வைக்கிறீர்கள், எதை நீக்குகிறீர்கள் என்பதற்குக் காரணம் கையில் இருக்க வேண்டும். அதே நொதியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆஸ்பார்டேட் 25-களில் பொதுவாக ஒன்று புரோட்டான் ஏற்றிருக்கும். மென்பொருளின் இயல்புத் தெரிவுக்கே விட்டால் அது இரண்டையும் எதிர்மின்சுமையோடு விட்டுவிடக்கூடும்.

ஸ்கோர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறை வெப்பநிலையில் பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாற, ஆற்றல் மோலுக்குச் சுமார் 1.4 கிலோகலோரி மாறினால் போதும். ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற டாக்கிங் மென்பொருளை உருவாக்கியவர்களே தங்கள் கட்டுரையில் தந்திருக்கும் பிழை அளவு சுமார் 2.85 கிலோகலோரி, அதாவது நூறு மடங்குக்கும் மேல். ஆகவே மைனஸ் 9.1-ஐ மைனஸ் 8.7-க்கு மேலே வைத்து, "இது சிறந்த மூலக்கூறு" என்று எழுதாதீர்கள். பெரிய மூலக்கூறுக்குப் பெரிய ஸ்கோர் வருவதும் இயல்பு. படிக அமைப்பில் ஏற்கெனவே இருக்கும் லிகண்டை எடுத்துவிட்டுத் திரும்ப டாக்கிங் செய்து, அது 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் பழைய இடத்துக்கே வருகிறதா என்று முதலில் பாருங்கள். அதுவே வராதபோது புதிய மூலக்கூறுக்கு வந்த ஸ்கோரை நம்ப வழியில்லை.

சிமுலேஷனில், அதாவது அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதில், என் சொந்த அனுபவம் ஒன்று. முதலாண்டில் ஒரு 100 நானோ செகண்ட் ரன்னில், பாதியில் ஆர்.எம்.எஸ்.டி. (தொடக்க இடத்திலிருந்து அணுக்கள் சராசரியாக விலகிய தூரம்) வரைபடம் 2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து நேராக 40-க்கு மேல் பாய்ந்தது. லிகண்ட் வெளியேறிவிட்டது என்று ஒரு பக்க விளக்கமே எழுதிவிட்டேன். சீனியர் ஒருவர் டிராஜெக்டரியை, அதாவது அசைவுப் பதிவை, திறந்து பார்த்தார். லிகண்ட் எங்கும் போகவில்லை. புரதம் சிமுலேஷன் பெட்டியின் விளிம்பைத் தாண்டியதால் அதன் ஒரு சங்கிலி மறுபக்கம் வரையப்பட்டிருந்தது. ஒற்றைக் கட்டளையில் சரியானது. வரைபடத்தை வாசிப்பதற்கு முன் படத்தை ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்று வந்தது. ஒரே ரன்னை வைத்து முடிவு எழுதுவதும் இதே வகைத் தவறுதான். தொடக்கத் திசைவேகங்களை மாற்றி மூன்று ரன்களாவது போடுங்கள். மூன்றும் மூன்று கதை சொன்னால் உங்களிடம் இன்னும் முடிவு இல்லை என்று பொருள்.

குவாண்டம் கணக்கு செய்பவர்கள், வடிவ உகப்பாக்கம் (ஆற்றல் மிகக் குறைந்த வடிவத்தைத் தேடுவது) முடிந்ததும் அதிர்வெண் கணக்கையும் போடுங்கள். கற்பனை அதிர்வெண் வந்தால் நீங்கள் நிற்பது ஆற்றல் பள்ளத்தின் அடியில் இல்லை.

இயந்திரக் கற்றல் பக்கம் வருபவர்கள் இப்போது அதிகம். அங்கே பெரிய ஆபத்து, தரவைப் பயிற்சிக்கு, தேர்வுக்கு என்று கண்ணை மூடிப் பிரிப்பது. ஒரே சட்டகம் கொண்ட மூலக்கூறுகள் பயிற்சியிலும் தேர்விலும் கலந்திருந்தால் மதிப்பெண் உயர்ந்துதான் வரும். 102 புரதங்களைக் கொண்ட டி.யு.டி.-இ (DUD-E) என்ற டாக்கிங் சோதனைத் தொகுப்பில் பயின்ற மாதிரிகளிடம் புரதத்தையே மறைத்துவிட்டு லிகண்டை மட்டும் காட்டியபோதும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வந்ததை 2019-ல் காட்டினார்கள். அவை பிணைப்பைக் கற்றிருக்கவில்லை. உங்கள் மாதிரியிலும் புரதத்தை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, சீனியர் விட்டுச்சென்ற ஸ்கிரிப்ட். அமெரிக்காவில் ஒரு படிகவியல் குழு, வேறு ஆய்வகத்திலிருந்து வந்த சிறு நிரலைச் சோதிக்காமல் பயன்படுத்தியது. அது இரண்டு நெடுவரிசைத் தரவை இடம் மாற்றிவிட்டதால் புரத அமைப்பே கண்ணாடிப் பிம்பமாக மாறிவிட்டது. 2006-ல் தவறு வெளியே வந்ததும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த அமைப்புகளை நம்பி வேலை செய்த மற்றவர்களின் உழைப்பும் வீணானது. விடை தெரிந்த ஓர் எளிய மூலக்கூறைக் கொடுத்து ஸ்கிரிப்டைச் சோதித்த பிறகே உங்கள் தரவை அதில் போடுங்கள்.

எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொரு ரன் கோப்புறையிலும் ஓர் உரைக்கோப்பு இருக்கும். பி.டி.பி. எண், எடுத்துக்கொண்ட சங்கிலி, விட்டுவைத்த நீர், ஒவ்வொரு ஹிஸ்டிடினின் நிலை, லிகண்டின் மின்சுமை, ஃபோர்ஸ் ஃபீல்டு (அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்பு), மென்பொருள் பதிப்பு, சீடு எண் (தற்செயல் எண்களின் தொடக்க எண்), அமைப்பைச் சரிபார்த்த இன்னொருவரின் பெயர். அந்தக் கடைசி வரி காலியாக இருந்தால் குரூப் மீட்டிங்கில் அந்த ரன்னைத் திரையில் போடுவதில்லை.