‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா? வேர்ச்சொல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று பலரும் பெருமையோடு சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை கலந்திருப்பதால் அதை மறுப்பதும் எளிதாக இல்லை.

ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டுவது முதல் தவறு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் ‘காப்சா’ என்ற இலத்தீன் சொல்லில் தொடங்கி, இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’ எனத் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தது. பணப்பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்துக்கே பெயராயிற்று. இது நமக்கும் புதிதல்ல. கடையில் கல்லா என்றால் பெட்டி, படம் ‘கல்லா கட்டியது’ என்றால் வசூல்.

இதைக் கேட்டதும் தமிழுக்குத் தொடர்பே இல்லை என்று கைகழுவுவது அடுத்த தவறு. என் பார்வையில் இதுவே பெரிய தவறு. ஆங்கில அகராதிகளில் ‘கேஷ்’ என்று இன்னொரு தனிச் சொல்லும் இருக்கிறது. தென்னிந்தியச் சிறு நாணயத்தைக் குறிக்கும் அச்சொல், ‘காசு’ போர்த்துகீசியர் நாவில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றதாகும். போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’ என்றே பெயர் என்பதால், இன்றைய குழப்பத்துக்கான விதை அங்கேயே இருந்தது எனலாம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கணக்குப்படி 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ‘வராகன்’ என்ற ஒரு பொன் நாணயம். 1808ஆம் ஆண்டின் கம்பெனிச் செப்புக்காசைத் திருப்பிப் பார்த்தால், பாரசீக எழுத்துகளுக்குக் கீழே, ரோமன் எண்ணில் இருபது என்று பொறித்து, அருகில் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் காணலாம். நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயங்களையும் ஐரோப்பியர் இதே பெயரால் அழைத்தனர். சீனரோ அவற்றை ‘வென்’ என்றே எண்ணினர்.

தமிழில் எழுதும்போது மட்டும் நேரும் தவறும் ஒன்று உண்டு. கணினி தற்காலிகமாகச் சேமித்துவைப்பதும், அவ்வப்போது அழிக்கச் சொல்வதுமான ‘கேஷ்’ (cache) நம் எழுத்தில் பணத்தைப் போலவே தோன்றினாலும், அது ஒளித்துவைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வங்கியின் ‘கேஷியர்’ பெட்டியின் வழி வந்தவர். படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவி நீக்குவதைக் குறிக்கும், அதே எழுத்துகளைக் கொண்ட ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்தப் பெட்டியோடு உறவில்லை. முந்திரியைக் குறிக்கும் ‘கேஷ்யூ’ பிரேசிலின் துப்பி மொழிச் சொல். அதன் விலையைக் கேட்டபின் அதையும் காசோடு சேர்ப்பவர்களை மன்னித்துவிடலாம்.