பென் டிரைவில் இடம் இருக்கிறது, கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லை

தங்கை கல்யாண வீடியோவைப் பெரியப்பா வீட்டு டிவியில் போட்டுக் காட்ட வேண்டும். வீடியோ 6.8 ஜிபி. என்னிடம் இருந்த 32 ஜிபி பென் டிரைவில் 21 ஜிபி காலி. இழுத்துப் போட்டேன், விண்டோஸ் மறுத்துவிட்டது. பாட்டுகளை அழித்தேன், மறுத்தது. டிரைவை முழுக்கக் காலி செய்தேன், அப்போதும் மறுத்தது. ஒரு மாலைப்பொழுது போன பிறகுதான் திரையில் வந்த செய்தியை நிதானமாகப் படித்தேன். இடம் போதவில்லை என்று அது சொல்லவே இல்லை. "சேருமிடத்தின் ஃபைல் சிஸ்டத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது" என்பதுதான் செய்தி. இடம் என்பது வேறு, ஃபைல் சிஸ்டம் என்பது வேறு.

காப்பி, பேஸ்ட் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரிசெய்யும் முன் ஒரு சின்னச் சோதனை.

சோதனை: 'தமிழ்' எத்தனை பைட்?

நோட்பேடில் தமிழ் என்ற ஒரே சொல்லைத் தட்டச்சு செய்து பென் டிரைவில் சேமியுங்கள். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். அளவு 15 பைட் என்று இருக்கும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஒரு பைட் என்பது 8 பிட். ஒரு பிட் என்பது 0 அல்லது 1.

அதற்குக் கீழேயே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி இருக்கும். என் டிரைவில் அது 16 கேபி. பதினைந்து பைட்டுக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம் பைட் இடமா? ஆமாம். டிரைவின் இடம் முன்கூட்டியே சம அளவு மனைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குடிசை போட்டாலும் ஒரு முழு மனை போய்விடும். இப்படி மனை பிரித்து, எந்த மனையில் யார் இருக்கிறார் என்று பேரேடு எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஃபைல் சிஸ்டம்.

(32 ஜிபி என்று வாங்கியது 29.8 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. உற்பத்தியாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. சரக்கு ஒன்றே, படிதான் வேறு.)

எங்கே இடிக்கிறது?

என் டிரைவில் இருந்தது ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டம். விண்டோஸ் 95 காலத்தில், 1996-இல் வந்த முறை. அதன் பேரேட்டில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுத ஒதுக்கியிருப்பது 32 பிட்தான். 32 பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 4 ஜிபிக்கு ஒரே ஒரு பைட் குறைவு. வங்கிப் படிவத்தில் தொகைக்கு ஐந்து கட்டம்தான் இருக்கிறது, நீங்கள் லட்ச ரூபாய் கட்டப் போகிறீர்கள் என்றால் என்ன ஆகும்? பெட்டகத்தில் இடம் இருந்தென்ன, எழுதக் கட்டம் இல்லை.

சரிசெய்யும் முறை

1. பென் டிரைவில் உள்ள எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்து வையுங்கள். வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்ற டிரைவை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்தால் எல்லாம் போய்விடும்.

2. வேறு பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதுவும் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். தவறான டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

3. டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மட். இதற்கெனத் தனி மென்பொருள் தேட வேண்டாம். விண்டோஸில் இருப்பதே போதும். விளம்பரத்தோடு வரும் 'இலவச' கருவிகளை நான் தொடுவதில்லை.

4. ஃபைல் சிஸ்டம் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

எக்ஸ்ஃபேட் என்பது 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளாஷ் நினைவகங்களுக்காகவே கொண்டுவந்தது. 4 ஜிபி தடை இல்லை. விண்டோஸிலும் மேக்கிலும் படிக்கலாம், எழுதலாம். கணினிக்குக் கணினி கொண்டுபோக இதைவிட நல்லது இல்லை என்பது என் கட்சி. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அதையே தேர்ந்தெடுத்தேன். வீடியோ ஏறியது. பஸ் பிடித்துப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, டிவி பென் டிரைவையே கண்டுகொள்ளவில்லை. "என்ன தம்பி, கல்யாணத்தையே காணோமே!" என்றார் பெரியப்பா.

பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் புரியாது. அவற்றில் சில, பட்டியலில் உள்ள இன்னொரு ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் படிக்கும். அதிலும் 4 ஜிபி தடை இல்லை. பெரியப்பா வீட்டு டிவி அந்த ரகம். மறுவாரம் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து கொண்டுபோனேன், ஓடியது. எனவே எதில் செருகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிவியின் கையேட்டில் யூஎஸ்பி பற்றிய பக்கத்தில் எது எது படிக்கும் என்று இருக்கும். மேக் வைத்திருப்பவருக்குக் கொடுப்பதானால் என்டிஎஃப்எஸ் வேண்டாம். படிக்க முடியும், எழுத முடியாது. காரில் பாட்டுக் கேட்க மட்டும் என்றால் ஃபேட்32 அப்படியே இருக்கட்டும். எந்தப் பாட்டும் 4 ஜிபி வராது.

5. 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்பதுதான் மனையின் அளவு. இருப்பதை மாற்ற வேண்டாம். 'குயிக் ஃபார்மட்' டிக் இருக்கட்டும். ஆனால் இது பேரேட்டை மட்டுமே புதிதாக எழுதுகிறது, பழைய கோப்புகளை மீட்கக் கருவிகள் உண்டு. சொந்தப் படங்கள் இருந்த டிரைவைக் குயிக் ஃபார்மட் மட்டும் செய்து அடுத்தவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

6. ஏற்றி முடித்ததும் 'இஜெக்ட்' கொடுத்த பிறகே பிடுங்குங்கள்.

பின்சேர்க்கை 1: நோட்பேடு சோதனையில் 15-க்குப் பதில் 18 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய விண்டோஸ் நோட்பேடு, யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் 3 பைட் அடையாளக் குறி ஒன்றைச் சேர்த்துவிடும். கணக்கு சரிதான்.

பின்சேர்க்கை 2: 64 ஜிபி டிரைவில் ஃபேட்32 என்ற தேர்வே வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் ஃபார்மட் பெட்டி அதைக் காட்டுவதில்லை. டிரைவில் பழுது இல்லை.

பின்சேர்க்கை 3: தன் டிவி ஃபேட்32 தவிர எதையும் படிக்கவில்லை என்கிறார் ஒரு வாசகி. அப்படியானால் வீடியோவைத்தான் இளைக்க வைக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் ஏற்றிச் சுருக்கித் தரும் தளங்கள் வேண்டாம். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், 8-ஆல் வகுத்து அது 2.5 மெகாபைட்தான், 6.8 ஜிபி ஏறவே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 1080பி' அமைப்பைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஐந்து நிமிடத் துண்டை மட்டும் மாற்றி அந்த டிவியில் ஓட்டிப் பாருங்கள். தாலி கட்டும் காட்சி தெளிவாகத் தெரிந்தால் முழுதையும் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.