திரை கறுத்து ‘நோ சிக்னல்’ வந்தால்: வீஜிஏ கார்டைக் குறை சொல்வதற்கு முன்

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மேசைக் கணினியின் திரை சட்டென்று கறுத்து, மொனிட்டரில் ‘நோ சிக்னல்’ என்ற வாசகம் தோன்றியதும், படத்தை உருவாக்கி மொனிட்டருக்கு அனுப்பும் வீஜிஏ கார்ட் பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் பல வேளைகளில் அதே பதில்தான் கிடைக்கிறது. அது சரியாக இருக்கவும் கூடும். ஆனால் பல கணினிகளில் விலை கூடிய பாகம் அதுதான் என்பதாலும், தளர்ந்த பிளக், களிம்பேறிய ரேம், பலமிழந்த பவர் சப்ளை ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதாலும், அதைக் கடைசியாகச் சந்தேகிப்பதே புத்தி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மட்டக்களப்பின் எழுவான்கரையிலும், தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களிலும் உப்புக் காற்று உலோகத்தை விடாமல் அரிக்கிறது. ஆகவே இங்கே மின்சாரத்தையும் இணைப்பு முனைகளையும் முதலில் பார்ப்பதற்கு மேலதிகக் காரணமும் இருக்கிறது.

நின்றது கணினியா, படமா?

திரை கறுத்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கவே கை போகும். அதைச் செய்யாமல் அரை நிமிடம் பொறுத்து, கணினி முழுவதும் நின்றுவிட்டதா, அல்லது உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கப் படம் மட்டும் வராமற் போனதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இந்த அரை நிமிடம் பெறுமதியானது. விசைப்பலகையில் கெப்ஸ் லொக் விசையைச் சில முறை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் விண்டோஸ் இன்னும் இயங்குகிறது. பழுது மொனிட்டர், கேபிள், வீஜிஏ கார்ட், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் என்ற வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. விளக்கு அசையாமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டும் ஒரே ஓசையில் சிக்கி இரைந்தால் கணினி உறைந்துவிட்டது. ரேம், சூடு, வீஜிஏ கார்ட் என மூன்றையும் சந்தேகிக்கலாம். விசிறிகள் உட்பட எல்லாம் ஒரே கணத்தில் அணைந்தாலோ, தானாகவே மறுபடி தொடங்கினாலோ, மின்சாரத்தின் பக்கமே முதலில் திரும்ப வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. படம் போன அதே வேளையில் வீஜிஏ கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரையத் தொடங்கும். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு இது பெரும்பாலும் அடையாளம். காரணம் கார்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரில் இருந்தாலும் இதுவே நடக்கும்.

கணினி மீண்டும் இயங்கியதும், ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ் என்பதன் கீழுள்ள சிஸ்டம் பகுதியில் நின்றுபோன நேரத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ‘கேர்னல் பவர் 41’ என்ற சிவப்புக் குறிப்பு இருக்கும். அதைக் கண்டதும் பவர் சப்ளையை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறிப்பு எதையும் சொல்வதில்லை. மதிலில் ஒட்டிய மரண அறிவித்தலைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் வேறு என்ன பதிவாகியிருக்கிறது என்பதே முக்கியம். ‘டிஸ்பிளே 4101’ இருந்தால் வீஜிஏ டிரைவர் பதிலளிக்காமல் நின்று பின் மீண்டிருக்கிறது. ‘டபிள்யூஎச்ஈஏ லொக்கர்’ என்று இருந்தால் வன்பொருளில் ஒரு பிழை நடந்ததைக் கணினியே கண்டுபிடித்திருக்கிறது. எதுவுமே இல்லாமல் 41 மட்டும் தனித்து நின்றால், எழுதி வைக்கவும் அவகாசமின்றி மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது உறைந்த கணினியை நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்திருக்கலாம்.

தானாக மறுதொடக்கம் ஆகும் கணினி நீலத் திரையைக் காட்ட நேரம் கொடுக்காமலும் இருக்கலாம். சிஸ்டம் புரொப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் உள்ள ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி அமைப்பில் ‘ஒட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதன் சரி அடையாளத்தை நீக்கிவிட்டால், அடுத்த முறை நீலத் திரை நிலைத்து நிற்கும். அதைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

படம் மட்டும் போகிறதென்றால்

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். வீஜிஏ டிரைவர் மட்டும் மீளத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. படம் திரும்பினால் கேபிளைவிட டிரைவரின் மேல் சந்தேகம் கூடும்.

திரும்பாவிட்டால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பழைய மொனிட்டரை வைத்துக்கொண்டு புதிய கணினி வாங்குபவர்கள் அதிகம். எச்டிஎம்ஐயிலிருந்து பழைய நீல நிற வீஜிஏ கேபிளுக்கு மாற்றும் சிறிய கன்வேட்டர் ஒன்று இடையில் தொங்கிக்கொண்டிருக்கும். அது மணிக்கணக்கில் சூடேறிப் படத்தை இழக்கும்போது குற்றம் முழுவதும் கணினியின் தலையில் விழுகிறது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தாலே பாதி விளங்கும். அயல் வீட்டு மொனிட்டர் ஒன்றையோ, எச்டிஎம்ஐ உள்ள தொலைக்காட்சியையோ கன்வேட்டர் இல்லாமல் இணைத்து ஒரு நாள் ஓட்டினால் மீதியும் விளங்கிவிடும்.

டிரைவரைச் சந்தேகித்தால், பழையதன் மேலேயே புதியதை நிறுவாமல், ‘டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டோலர்’ என்ற இலவச மென்பொருளை, விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் இயக்கிப் பழையதைத் துடைத்துவிட்டு, கார்ட் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கியதை நிறுவுங்கள்.

மின்சாரம்

இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது. சுவரிலிருந்து வீஜிஏ கார்ட் வரையுள்ள பாதையில் சொக்கெட், மல்டி பிளக், எக்ஸ்டென்ஷன் கோட், யூபிஎஸ், பவர் சப்ளை, உள் வயர் என்று பல கண்ணிகள் இருக்கின்றன. எது அறுந்தாலும் திரை ஒரே மாதிரித்தான் கறுக்கும். ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். மல்டி பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் கோட்டையும் யூபிஎஸ்ஸையும் ஒதுக்கிவிட்டு, சுவர் சொக்கெட்டில் கணினியை நேரடியாகச் செருகிச் சில நாட்கள் பாவியுங்கள். நிற்பது நின்றுவிட்டால் குற்றவாளி ஒதுக்கி வைத்தவற்றில் இருக்கிறது.

அவற்றுள்ளும் யூபிஎஸ்தான் அதிகம் ஏமாற்றும். 650 விஏ என்று எழுதியிருப்பதை 650 வாட்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவுள்ள பல யூபிஎஸ்கள் 360 முதல் 390 வாட்ஸ் வரையே தாங்கும். உள்ளிருக்கும் பற்றரி நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு ஆண்டுகளிலேயே பலமிழக்கலாம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்குகளும் விசிறிகளும் போட்டதும் மின்னழுத்தம் சற்று இறங்க, யூபிஎஸ் பற்றரிக்கு மாறும். பற்றரியில் உயிர் இல்லாததால் கணினி விழும். வீட்டு விளக்கு கண் சிமிட்டியதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். டைப்செட்டிங், போட்டோகொப்பி செய்யும் கடைகளில் இன்னொரு காரணமும் உண்டு: லேசர் பிரிண்டரை அதே யூபிஎஸ்ஸில் செருகியிருப்பார்கள். தாளில் மையை உருக்கி ஒட்டும் சூடான உருளை ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பல நூறு வாட்ஸை ஒரேயடியாக இழுக்கும். அச்சிடக் கொடுத்த கணத்தில் கணினி நிற்கிறதென்றால் பிரிண்டரை வேறு சொக்கெட்டுக்கு மாற்றுவதோடு வேலை முடிந்துவிடலாம்.

அடுத்தது பவர் சப்ளை. கேசிங்குடன் சேர்ந்து வரும் மலிவானவற்றின் பெட்டியில் உள்ள வாட்ஸ் எண்ணை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலில் எத்தனை அம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றிருந்தால் 216 வாட்ஸ்தான். வீஜிஏ கார்ட் செருகப்படும் துளை 75 வாட்ஸும், 6 முனை பிளக் 75 வாட்ஸும், 8 முனை பிளக் 150 வாட்ஸும் கொடுக்க வடிவமைக்கப்பட்டவை. எனவே ஒரு 8 முனை பிளக் உள்ள கார்ட் மட்டும் 225 வாட்ஸ் வரை எடுக்கக்கூடும். கணக்கு இடிக்கிறதென்றால், எழுதும்போதும் இணையம் பார்க்கும்போதும் நிற்காத கணினி, விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கியதும் நிற்பது ஏன் என்பது தெரிந்துவிடும். 12 வோல்ட் இணைப்பில் 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது. கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில் இந்த எண் தெரியும். ஆனால் அங்கே வீஜிஏ கார்ட் சும்மா இருப்பதால் நல்ல எண்ணைக் கண்டு நிம்மதி அடைய முடியாது.

கேசிங்கைத் திறந்த பின்

முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கிய பின்னரே கை வைக்க வேண்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே ஆளைத் தாக்கக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிற முனைகள் ஒரே மினுக்கமாக இல்லாமல், நுனியில் மங்கிய புள்ளிகளோ பச்சைக் களிம்போ தென்பட்டால் கடற்காற்று தன் வேலையைச் செய்திருக்கிறது. அழிறப்பரால் தேய்ப்பது இங்கு பரவலான கைமருந்து. அது பலன் தருவதுண்டு என்றாலும் மெல்லிய பொற்பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த நூல் விடாத துணியே மேல். வீஜிஏ கார்டின் முனைகளையும் அவ்வாறே துடைத்து, நன்கு உலர்ந்த பின் ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை செருகுங்கள். அந்தக் கார்டுக்கு வரும் 6 அல்லது 8 முனை பிளக்கை உற்றுப் பாருங்கள். ஒரு துளையின் ஓரம் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் சற்று உருகியிருந்தால் அதைத் திரும்பச் செருகவே கூடாது. பவர் சப்ளையையும் சேர்த்து மாற்ற வேண்டும். எறும்புப் புற்றும் செத்த பல்லியும் கேசிங்குக்குள் அகப்படுவதுண்டு. சிரிப்பாகத் தோன்றினாலும் இரண்டும் மின்சாரத்தைக் குறுக்கே கடத்தக்கூடியவை. மாரி மழைக் காலத்தில் வாரக்கணக்கில் மூடிக் கிடந்த கணினி என்றால் ஈரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

தூசியை விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு அகற்றி, புரொசெசரின் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்னர் ‘எச்டபிள்யூ இன்ஃபோ’ போன்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தபடி கனமான வேலை ஒன்றைக் கொடுங்கள். புரொசெசர் 95 பாகையைத் தாண்டி நிற்கும் கணத்தில் கணினியும் நிற்கிறதென்றால் மேலும் தேட வேண்டியதில்லை.

ரேமைச் சோதிக்க, பென் டிரைவிலிருந்து ‘மெம்டெஸ்ட் 86’ஐ ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். எனினும் ரேமை எறிவதற்கு முன், பயோஸில் எக்ஸ்எம்பி என்ற வேகக்கூட்டலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு துண்டாக வைத்து மீண்டும் சோதியுங்கள்.

இவ்வளவும் கடந்த பின்பே வீஜிஏ கார்டின் முறை வருகிறது. புரொசெசரிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐயில் மொனிட்டரை இணைத்துச் சில நாட்கள் ஓட்டலாம். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் புரொசெசர்களில் இந்த வசதி கிடையாது. கார்ட் இல்லாமல் நிற்காத கணினி, கார்டைப் போட்டதும் நிற்கிறதென்றால் சந்தேகம் கார்ட், பவர் சப்ளை என்ற இரண்டுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டில் எது என்பதை வீட்டில் இருந்தபடி தீர்க்க முடியாது. கார்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள நல்ல பவர் சப்ளை கொண்ட கணினியில் பொருத்தி, உங்கள் முன்னிலையில் ஒரு மணி நேரமாவது பாரம் கொடுத்து ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். எப்போது நிற்கிறது, கெப்ஸ் லொக் என்ன செய்தது, ஈவென்ட் வியூவரில் என்ன இருந்தது என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அங்கே கார்ட் நிற்காமல் ஓடினால் பவர் சப்ளையை வாங்குங்கள். நின்றால் கார்டை வாங்குங்கள், கழற்றிய பழையதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.