ட்ராக் டே டயர்: எதை வாங்குவது, எவ்வளவு காற்று வைப்பது

ட்ராக் டே-க்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, முதல் முறை போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த டயர் வாங்கலாம் என்பதுதான். முதல் இரண்டு மூன்று தடவைக்கு எதையும் வாங்காதீர்கள். காரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சாலை டயரே போதும். வழுக்குவதற்கு முன்பே அது கிறீச்சிட்டுச் சொல்லிவிடும். பிடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஸ்டியரிங்கை அளவுக்கு மீறி ஒடித்தாலோ, பிரேக்கிலிருந்து காலைத் திடீரென்று எடுத்தாலோ உடனே காட்டிக்கொடுக்கும். ஒட்டும் ரப்பர் போட்ட டயர் இந்தத் தவறுகளையெல்லாம் மூடி மறைத்துவிட்டு, இன்னும் கூடிய வேகத்தில், இன்னும் குறைந்த அவகாசத்தில் கைவிடும்.

டயரின் பிடி கூடினால் பிரேக், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றின் மீதும் சுமை கூடும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, இன்ஜின் பேரிங் போவதும் ஒட்டும் டயர் போட்ட கார்களில்தான் அதிகம். கையில் பணம் இருந்தால் முதலில் பிரேக் ஆயிலையும் பிரேக் பேடையும் மாற்றுங்கள். டயர் காத்திருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்

பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரமும் ஆண்டும். 1423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ட்ராக்குக்கு அது ஆகாது. பஞ்சர் ஒட்டிய டயர், பக்கச்சுவரில் புடைப்போ வெட்டோ உள்ள டயர், இரண்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து, டயரின் உள்பக்கத் தோளை, அதாவது பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் டயரில், உள்விளிம்பு கம்பி தெரியுமளவு தேய்ந்திருப்பது அபூர்வமே இல்லை.

புது டயரை நேரே ட்ராக்குக்குக் கொண்டுபோவதும் நல்லதல்ல. புதுச் சாலை டயரில் பட்டன் 7, 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். பாரம் ஏறும்போது அந்த உயரமான ரப்பர் கட்டைகள் இப்படியும் அப்படியும் மடங்கும். மடங்கினால் சூடு, சூடு ஏறினால் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். உலர்ந்த ட்ராக்கில் 4, 5 மில்லிமீட்டர் மிச்சமுள்ள டயர் புதிதைவிட நன்றாக ஓடும், சீராகவும் தேயும். எனவே சாலையில் பாதி தேய்த்துவிட்டு ட்ராக்குக்கு எடுப்பதுதான் சிக்கனமான வழி.

வாங்கும் நேரம் வந்தபிறகு

ட்ராக்குக்குப் பொருந்தும் டயர்களை மூன்று படிகளாகப் பிரிக்கலாம். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற உயர்தரச் சாலை டயர்கள் முதல் படி. மழையிலும் தைரியமாக ஓட்டலாம், வீட்டுக்கும் அதிலேயே திரும்பலாம். ஆனால் கனமான காரில் நாலைந்து வேகச் சுற்று முடிந்ததும் சூடேறி வழுவழுத்துவிடும். இரண்டாவது படி, ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைச் சொல்லும் எண்; குறைந்தால் சீக்கிரம் தேயும்) 200 போட்ட டயர்கள்: பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052, ஹான்கூக் ஆர்எஸ்4 போன்றவை. மூன்றாவது படி, பள்ளங்கள் மிகக் குறைந்த செமி ஸ்லிக்: டோயோ ஆர்888ஆர், நான்காங் ஏஆர்-1 வகையறா. இவற்றின் ட்ரெட்வேர் எண் 100, 80 என்று இறங்கும். சூடு ஏறும்வரை பிடி குறைவு, தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆபத்து, சாலையில் இரைச்சல்.

ட்ரெட்வேர் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பொது அளவுகோல் டயரோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே 200-இல் ஒரு டயர் இரண்டே சுற்றில் உச்சப் பிடி தந்துவிட்டுத் தளரும். இன்னொன்று நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடும். ஏ052 முதல் ரகம், ஆர்எஸ்4 இரண்டாவது ரகம். ஓட்டப் பழகுகிறவருக்கு இரண்டாவது ரகமே சரி. பகலெல்லாம் டயர் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான், சுற்று நேரம் மாறியதற்குக் காரணம் நீங்களா டயரா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அளவை மாற்றினாலும் லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்), கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. வேகக் குறியீட்டையும் பாருங்கள்: வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். ஆல் வீல் டிரைவ் காரில் நான்கும் ஒரே டயர், ஒரே அளவு தேய்மானம் என்பது கட்டாயம். சுற்றளவு வேறுபட்டால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல்தான் அடிவாங்கும்.

புது செமி ஸ்லிக்கை முதல் நாளே பிழியக் கூடாது. முதல் செஷனில் (ட்ராக்கில் ஒருமுறை இறங்கி ஓட்டும் நேரத்தில்) வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் டயரை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, வெளியே எடுத்து, 24 மணி நேரமாவது ஆறவிடுங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு கிடைக்கும் இந்த ஓய்வில் ரப்பர் சீராக இறுகும். டயரின் ஆயுளும் கூடும்.

காற்று: இங்கேதான் எல்லாமே

நல்ல டயரைக் கெடுப்பதும், சுமாரான டயரைக் காப்பாற்றுவதும் காற்றழுத்தம்தான். நீங்கள் குறிவைக்க வேண்டியது சூடான நிலை அழுத்தம். காலையில் வைக்கும் எண் அங்கே போய்ச் சேர்வதற்கான வழி மட்டுமே. பெரும்பாலான கார்களுக்குச் சூட்டில் 32 முதல் 36 பிஎஸ்ஐ, அதாவது 2.2 முதல் 2.5 பார், நல்ல தொடக்கம். இலேசான கார் கீழ்ப்பக்கம், கனமான கார் மேல்பக்கம். டயர் கம்பெனி ட்ராக்குக்கென்று எண் கொடுத்திருந்தால் அதுவே முதல் அதிகாரம்.

ஒவ்வொரு 6 அல்லது 7 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். 25 டிகிரியில் 28 வைத்த டயர், உள்காற்று 75 டிகிரி ஆகும்போது 35-ஐத் தொடும். அதனால்தான் குளிர்ந்த நிலையில் 6 முதல் 8 பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குகிறோம். கதவோரம் ஒட்டியிருக்கும் 33-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ட்ராக்கில் இறங்கினால் அது 40-ஐத் தாண்டும். டயர் பலூன்போல் உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். கார் திடீரென்று வழுக்கத் தொடங்கும். அதற்காக மறுகோடிக்கும் போகாதீர்கள். சாலை டயரில் குளிர் அழுத்தம் 24-க்குக் கீழே இறங்கினால் பக்கச்சுவர் மடங்கி, தோள் தரையில் உராயத் தொடங்கும்.

நைட்ரஜன் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றுவது காற்றில் கலந்திருக்கும் ஈரம். ஈரமில்லாத சாதாரணக் காற்றும் நைட்ரஜனும் சூட்டில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். கம்ப்ரெசர் டாங்கின் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றடித்தால் போதும்.

பிட்டில் (ட்ராக்கை விட்டு வந்து காரை நிறுத்தும் இடத்தில்) செய்ய வேண்டிய வேலையை இந்த வரிசையில் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்:

1. காலையில், கார் நிழலில் நிற்கும்போதே நான்கு டயருக்கும் காற்றைச் சரிசெய்யுங்கள். வெயில் பட்ட பக்கத்து டயர் ஓடாமலேயே 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அதை நம்பிக் குறைத்தால் அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தவறு.
2. முதல் செஷனை ஐந்தாறு சுற்றோடு முடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். நின்ற இரண்டு நிமிடத்துக்குள் நான்கையும் அளந்துவிட வேண்டும். எப்போதும் ஒரே டயரில் தொடங்கி ஒரே வரிசையில் போங்கள்.
3. முதலில் எழுதுங்கள், பிறகு காற்றை விடுங்கள். குறிவைத்த எண்ணுக்கு மேலே இருப்பதை மட்டும் விடுங்கள். கீழே இருப்பதைச் சூட்டில் நிரப்ப வேண்டாம்.
4. வால்வு மூடியைத் திரும்பப் போடுங்கள். உலோக மூடி, உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாக இருக்கட்டும்.

ஒரு கணக்கைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக், வலது வளைவுகள் அதிகம், ஆகவே பாரமெல்லாம் இடப்பக்க டயர்கள்மேல். நான்கிலும் 28 வைத்து இறங்கிய முன்சக்கர இழுவைக் கார் திரும்பி வரும்போது இடது முன் 37, வலது முன் 35, இடது பின் 34, வலது பின் 33. குறி 34 என்றால் இடது முன்னிலிருந்து 3, வலது முன்னிலிருந்து 1 விடுகிறோம், பின்பக்கத்தைத் தொடுவதில்லை. டயர்கள் ஆறியபின் இடது முன் ஏறத்தாழ 25 அல்லது 26 காட்டும், வலது முன் 27. அடுத்த முறை அதே ட்ராக்குக்கு, அதே வெயிலில் போகும்போது காலையில் வைக்க வேண்டிய எண்கள் இவைதான். நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெயில், டயர், நான்கு குளிர் எண், நான்கு சூட்டு எண்: மூன்று நாள் இப்படி எழுதினால் எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாத எண் உங்களிடம் இருக்கும். எல்லா அளவுக்கும் ஒரே கேஜை (காற்றழுத்தம் அளக்கும் கருவியை) பயன்படுத்துங்கள். கேஜ் அரை பிஎஸ்ஐ பிசகினாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி பிசக வேண்டும்.

டயரைப் படிப்பது

அழுத்தம் சரியா என்று டயரே காட்டும். தோளும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அங்கே சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். முக்கோணத்தின் முனை வரை கோடு அழிந்திருந்தால் சரி. முனையைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, அல்லது வளைவுக்குள் அதிவேகத்தில் நுழைந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிறீர்கள். முனைக்கு எட்டவே இல்லை என்றால் காற்று அதிகம்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஊசி வைத்த வெப்பமானி வாங்குங்கள். பட்டனுக்குள் 2, 3 மில்லிமீட்டர் ஊசியை இறக்கி, உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். நடுவில் சூடு அதிகமென்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அதிகமென்றால் காற்று குறைவு. உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 டிகிரி அதிகமாக இருப்பது நல்ல அறிகுறி. வெளிவிளிம்பே அதிகமென்றால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) போதவில்லை. துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி மேல்தோலின் சூட்டை மட்டும்தான் காட்டும். ஒரு நேர்ச்சாலையில் காற்றுப் பட்டாலே அது ஆறிவிடும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கேம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. சாலைக்குச் செட் செய்த கார் வளைவில் சாயும்போது முன் டயரின் வெளித்தோளில் நிற்கும். ஒரே நாளில் அந்தத் தோள் உருண்டுபோக, உள்பாதி புதிதுபோல் இருக்கும். மேக்பெர்சன் ஸ்ட்ரட் (பல கார்களில் உள்ள ஒரு வகை முன் சஸ்பென்ஷன்) உள்ள காரில் முன்பக்கம் மைனஸ் 2.5 முதல் 3 டிகிரி வைத்தால் டயர் ஏறத்தாழ இரட்டிப்பு நாள் வருவதுண்டு. அந்த அளவு கேம்பரில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகில் இருக்கட்டும், இல்லையென்றால் சாலையில் உள்விளிம்பு போய்விடும். கேம்பரை மாற்ற முடியாத காரில், செஷன்களுக்கு நடுவே முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடுங்கள்.

மேற்பரப்பில் அலை அலையாகச் சுருங்கிய ரப்பர் தெரிந்தால், டயர் சூடேறுவதற்குள் வழுக்க விட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டு சுற்றை நிதானமாக ஓட்டினால் சரியாகும். கொப்புளமும் குழியுமாக இருந்தால் உள்ரப்பர் வெந்துவிட்டது. வேகச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்: மூன்று வேகம், ஒன்று மெது. ஓட்டம் முடிந்ததும் வண்டி அதிர்ந்தால் பயப்படுமுன் டயரைத் தடவிப் பாருங்கள். ட்ராக் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ரப்பர் உருண்டைகள் ஒட்டியிருக்கலாம். ஒரே இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பூட்டி இழுத்த அடையாளம். அதில் கம்பி வலை தெரிந்தால் அந்த டயரின் கதை அன்றோடு முடிந்தது.

செஷன் முடிவில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டை ஆறிய பிறகு டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) சரிபாருங்கள். அளவு கார் கையேட்டில் இருக்கும். பல கார்களுக்கு அது 100 முதல் 130 நியூட்டன் மீட்டர். கொதிக்கும் சூட்டில் இறுக்கினால் ஆறியபின் அளவு தவறும்.

மழை பெய்தால்

டயர் சூடேறாது, ஆகவே அழுத்தமும் ஏறாது. உலர்ந்த நாளுக்காகக் குறைத்து வைத்த 26 அப்படியே 28-இல் நின்றுவிடும். தொடங்கும்போதே 4, 5 பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். அழுத்தம் கூடினால் பள்ளங்கள் விரிந்து தண்ணீரை நன்றாகத் தள்ளும். தேய்ந்த செமி ஸ்லிக் மட்டும்தான் கையிலிருக்கிறது, ட்ராக்கில் தண்ணீரும் தேங்கியிருக்கிறது என்றால் அந்தச் செஷனை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பலர் மறப்பது ஒன்று உண்டு. பகலெல்லாம் காற்றை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். டயர் ஆறியதும் 25, 26-தான் இருக்கும். அதோடு நெடுஞ்சாலையில், ஆளும் சாமானும் ஏற்றி ஓட்டினால் பக்கச்சுவர் வெந்துபோகும். கதவோரம் எழுதியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். பெட்டியில் ஒரு சிறிய கம்ப்ரெசர் எப்போதும் இருக்கட்டும்.

தனி செட் வைத்திருப்பவர்கள் டயரைக் கழுவி, உலர்த்தி, கறுப்புப் பையில் கட்டி, வெயிலும் மோட்டார் ஓடும் இடமும் இல்லாத அறையில் வையுங்கள். மின்மோட்டார் பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் விரிசல் விழவைக்கும். உறைபனிக் குளிரில் செமி ஸ்லிக்கை உருட்டவோ, ரிம்மில் ஏற்றவோ கூடாது, விரிசல் விடும். கழற்றும்போதே எந்தச் சக்கரத்தில் ஓடியது, எத்தனை செஷன் ஆயிற்று என்று பக்கச்சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.