பவர் பிஐ அறிக்கை தானாகவே புதுப்பித்துக்கொள்ள: முதல் தடவை செய்பவர்களுக்கு

திங்கட்கிழமை காலை நான்கு கிளைகளிலிருந்து வந்த நான்கு சிஎஸ்வி கோப்புகளைத் திறந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, பைவட் போட்டு, பத்தரை மணிக்கு மெயில் அனுப்புகிற ஆள் அநேகமாக எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். இரண்டு வருடம் அந்த ஆள் நான்தான். அந்த வேலையை மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐயிடம் ஒப்படைப்பது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் புதுப்பிப்பது என்பதும் உண்டு.

முதலில், இதில் மூன்று பொருட்கள் இருக்கின்றன. உங்கள் கணினியில் அறிக்கையை வரைவது டெஸ்க்டாப். இது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வரைந்ததை ஏற்றிவைத்து எல்லோரும் பிரவுசரில் பார்ப்பது சர்வீஸ். அலுவலகக் கணினியில் கிடக்கும் தரவை சர்வீஸுக்குக் கொண்டுபோகும் பாலம் கேட்வே. டெஸ்க்டாப் இலவசம். அறிக்கையைப் பிறருடன் பகிர ப்ரோ உரிமம் வேண்டும். ஒரு ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்தது 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆனது. கணக்குத் தொடங்க அலுவலக மெயில் முகவரி தேவை, ஜிமெயில் செல்லாது.

1. பழையதைப் புதுப்பிப்பது

வரிசை முக்கியம்: முதலில் கேட்வே, அப்புறம் டெஸ்க்டாப். இரண்டுக்கும் ஏறக்குறைய மாதாமாதம் புதிய பதிப்பு வருகிறது. புது டெஸ்க்டாப்பில் செய்த வேலை பழைய கேட்வேயில் ஓடாமல் போகலாம் என்பதால்தான் இந்த வரிசை. கேட்வேயின் கடைசி ஆறு பதிப்புகளுக்குத்தான் மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருகிறது. வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கேட்வேக்கு உதவி கேட்டால், முதலில் புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்பார்கள்.

கேட்வேயைப் புதுப்பிக்கப் பழையதை அழிக்க வேண்டாம். புதிய நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி அதன் மேலேயே ஓடவிட்டால் போதும். சில நிமிடம் கேட்வே நின்றுவிடும் என்பதால், அறிக்கை எதுவும் புதுப்பிக்கப்படாத நேரமாகப் பாருங்கள். முதல் தடவை நிறுவும்போது ரெக்கவரி கீ என்று ஒன்று வைக்கச் சொல்லும். அதை ஒரு தாளில் எழுதி, கணக்கு நோட்டு இருக்கும் பீரோவில் வையுங்கள். நாளைக்கு அந்தக் கணினி பழுதாகி வேறொன்றில் கேட்வேயை மீட்க வேண்டுமென்றால் அந்தக் கீ கேட்கும். நான் எழுதி வைக்கவில்லை. எல்லா இணைப்புகளையும் முதலிலிருந்து போட்டேன்.

டெஸ்க்டாப்பை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து எடுத்திருந்தால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். தனியாகப் பதிவிறக்கியிருந்தால் நீங்கள்தான் செய்ய வேண்டும். எதுவானாலும் அறிக்கைக் கோப்பை முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறந்தால் தகராறு செய்யும். பக்கத்து மேஜைக்காரரும் அதே பதிப்புக்கு வந்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கோப்புகளை ஒரே இடத்தில் சேர்ப்பது

கிளைகளின் கோப்புகள் மைக்ரோசாஃப்டின் இணையக் கோப்புக் கிடங்கான ஷேர்பாயின்டில் இருந்தால் கேட்வேயே வேண்டாம், சர்வீஸ் நேரடியாகப் படித்துக்கொள்ளும். முடிந்தவர்கள் அந்த வழிக்கே போங்கள், பாதித் தலைவலி மிச்சம். முடியாதவர்கள் அலுவலக சர்வரில் ஒரு ஃபோல்டர் வையுங்கள். அதை இசட் டிரைவ் என்று குறிக்காமல், சர்வர் பெயரோடு தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையாகக் கொடுக்க வேண்டும். இசட் டிரைவ் என்பது உங்கள் கணினிக்கு மட்டும் தெரிந்த செல்லப்பெயர், கேட்வேக்கு அது புரியாது.

டெஸ்க்டாப்பில் கெட் டேட்டா, அதில் ஃபோல்டர். பட்டியல் வந்ததும் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவை அழுத்தினால் தரவைச் சீர்செய்யும் பவர் குவெரி ஜன்னல் திறக்கும். அதில் எக்ஸ்டென்ஷன் (கோப்பு வகை) பத்தியைச் சிறிய எழுத்தாக மாற்றி, சிஎஸ்வியை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு கிளை பெரிய எழுத்திலும் இன்னொரு கிளை சிறிய எழுத்திலும் அனுப்பினால் பவர் குவெரி இரண்டையும் வேறு வேறாக நினைக்கும். பிறகு கன்டென்ட் பத்தியின் தலையில் உள்ள கம்பைன் குறியை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகச் சேரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. முதல் கோப்பை மாதிரியாக வைத்துத்தான் அது மற்றதைப் படிக்கிறது. மூன்று கிளைகள் 'பில் எண்' என்று தலைப்பிட்டு நான்காவது கிளை 'பில் நம்பர்' என்று போட்டிருந்தால், அந்தக் கிளையின் பில் எண்கள் சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும். தலைப்புகளை ஒரே மாதிரி வைக்கும்படி கிளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. தேதி

ஆரம்பக்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு அது மார்ச் 4. 25/04/2025 என்று வந்தால் பிழை காட்டும், அது நல்லது, கண்ணில் படும். ஆனால் 12 வரையுள்ள தேதிகள் பிழையே காட்டாமல் மாதம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஏப்ரல் விற்பனை வேறு வேறு மாதங்களில் சிதறிக் கிடக்கும்.

பவர் குவெரியில் தேதிப் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து, சேஞ்ச் டைப், அதில் யூசிங் லொக்கேல் (எந்த நாட்டு முறைப்படி படிப்பது என்பது). வகை டேட், லொக்கேல் இங்கிலீஷ் (இந்தியா). தானாகச் சேர்ந்திருக்கும் பழைய சேஞ்ச்ட் டைப் படியில் அந்தத் தேதிப் பத்தி இருந்தால் அந்தப் படியிலிருந்து மட்டும் அதை நீக்கிவிடுங்கள் (பத்தியையே அல்ல), இல்லாவிட்டால் தப்பு முன்னமே நடந்துமுடிந்திருக்கும்.

4. ஏற்றி, நேரம் குறிப்பது

பப்ளிஷ் அழுத்தி ஒரு வொர்க்ஸ்பேஸைத் (சர்வீஸில் அறிக்கைகளை வைக்கும் இடம்) தேர்ந்தெடுங்கள். சர்வீஸில் அறிக்கையோடு செமான்டிக் மாடல் என்று ஒன்றும் வந்திருக்கும், அறிக்கைக்குப் பின்னாலிருக்கும் தரவு அதுதான். (பழைய விளக்கங்களில் டேட்டாசெட் என்று படித்திருப்பீர்கள், 2023 இறுதியில் பெயர் மாற்றினார்கள்.) அதன் செட்டிங்ஸில் கேட்வே இணைப்பைக் கொடுங்கள். டெஸ்க்டாப்பில் கொடுத்த ஃபோல்டர் பாதையும் இங்கே கொடுப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் ரீஃப்ரெஷ் (தரவைப் புதிதாகப் படிப்பது) பகுதி. நேர மண்டலத்தை முதலில் மாற்றுங்கள்: சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று ஒரே வரியில் இருக்கும். இலங்கையில் இருப்பவர்களுக்கு ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்று தனி வரி. இதை மறந்தால் காலை 6 மணி என்று குறித்தது 11.30க்கு ஓடும். ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 தடவை வரை குறிக்கலாம். இரண்டே போதும் என்பது என் எண்ணம்: விடியற்காலை ஒன்று, மதியம் ஒன்று.

தொடர்ந்து நான்கு தடவை தோற்றால் இந்த அட்டவணை தானாக அணைந்துவிடும். இரண்டு மாதம் யாருமே அறிக்கையைத் திறக்காவிட்டாலும் நிறுத்திவிடும். தோல்வி மெயில் உங்களுக்கு மட்டும் வராமல், நீங்கள் விடுப்பில் இருக்கும்போது பார்க்கக்கூடிய இன்னொருவருக்கும் போகும்படி அவர் முகவரியைச் சேர்த்துவையுங்கள். கேட்வே இருக்கும் கணினி இரவில் தூங்கப் போகாதபடி விண்டோஸ் பவர் அமைப்பையும் மாற்றுங்கள்.

மெயில் அனுப்ப, அறிக்கையின் மேலே சப்ஸ்கிரைப். அதில் டேட்டா ரீஃப்ரெஷ் ஆன பிறகு என்ற தேர்வை எடுத்தால் புதிய எண்களோடு மட்டும் போகும்.

5. எண் பழையதா புதியதா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, மெயில் தினமும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிளையில் கோப்பு வைக்கும் பையன் ஊருக்குப் போயிருந்தான். ஒன்பது நாள் அந்தக் கிளையின் விற்பனை வரவே இல்லை, ஆனால் ரீஃப்ரெஷ் வெற்றிதான், ஏனென்றால் ஃபோல்டரில் இருந்ததையெல்லாம் அது ஒழுங்காகப் படித்திருந்தது. கையால் ஒட்டிய காலத்தில் நான்காவது கோப்பு வரவில்லையென்றால் எனக்கே தெரிந்திருக்கும்.

அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன டேபிள் போடுங்கள். ஒரு பத்தியில் கிளை, அடுத்ததில் பில் தேதி. பில் தேதியின் கீழம்பில் டேட் ஹையரார்க்கியை விட்டுவிட்டு நேரடித் தேதியை எடுத்து, அதிலேயே லேட்டஸ்ட் என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் கடைசியாக வந்த பில் தேதி தெரியும். பலரும் கடைசியாக ரீஃப்ரெஷ் ஆன நேரத்தை மட்டும் காட்டுகிறார்கள். அது இயந்திரம் ஓடியதைச் சொல்லும், சரக்கு வந்ததைச் சொல்லாது.

எல்லாம் போட்டு முடித்ததும், ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு கிளையின் புதுக் கோப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு அடுத்த ரீஃப்ரெஷுக்குக் காத்திருங்கள். மெயிலைப் பார்த்ததும் எந்தக் கிளை என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரி. கோப்பைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள்.