1/35 லாரியின் பின்கதவுக்கு ஊசிக் குழலால் கீல் செய்யும் முறை

பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளில் வரும் லாரியின் பின்கதவு பெரும்பாலும் மூடியோ திறந்தோ ஒட்டிவிடும்படியே வார்க்கப்பட்டிருக்கும்; அதில் கீல் என்பது வெறும் மேடுதான், அசையாது. இத்தனைக்கும் 1/35, அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு என்னும் அளவே, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று தமியா என்ற மாடல் கிட் நிறுவனம் வடிவமைத்த ஓடும் டாங்கியிலிருந்து வந்தது. அந்த மேட்டைச் சீவிவிட்டு, உண்மையாகவே திறந்து மூடும் கீலை மெடிக்கல் ஷாப் ஊசியைக் கொண்டு செய்வதை இங்கே விளக்குகிறேன்.

கத்தியை எடுக்குமுன் நிஜ லாரி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் சுமை இறக்கும் லாரிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கீலின் அச்சு, கதவின் தடிமனுக்குள் இல்லாமல் வெளிமுகத்தை ஒட்டிக் கீழ்விளிம்பில் இருக்க வேண்டும். நடுவில் வைத்தால், கதவு சாயும்போது அதன் கீழ் வெளிவிளிம்பு உள்நோக்கித் திரும்பித் தளத்தின் சட்டத்தில் முட்டி நின்றுவிடும்.

தேவையானவை சிலவே. அடிப்பகுதி பச்சை நிறத்தில் இருக்கும் 21 கேஜ் ஊசி, புதியதாக ஒன்று. இதன் வெளிவிட்டம் 0.82 மி.மீ.; 35 மடங்காக்கினால் ஏறத்தாழ 29 மி.மீ. வருவதால் லாரிக் கீலுக்குப் பொருத்தமான பருமன். உள்விட்டம் 0.51 மி.மீ. என்பதால், 0.017 அங்குல, அதாவது 0.43 மி.மீ. கிட்டார் கம்பி அதனுள் தடையின்றிச் சுழலும். கீல்பட்டைக்குக் கூல்டிரிங்க்ஸ் டின்னின் தகடு போதும், சுமார் 0.1 மி.மீ. கனமுள்ள அது, இந்த அளவில் மூன்றரை மி.மீ. இரும்புப் பட்டைக்குச் சமம். சிறிய முப்பட்டை அரம் இல்லாதவர்கள், நகைப்பட்டறைச் சாமான்களைத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் விசாரிக்கலாம்.

முதலில் ஊசியின் கூர்முனையை நீக்கி, அதை மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி அணிவது கட்டாயம். பிறகு கிட்டார் கம்பியை ஊசிக்குள் நுழைத்து, 1.5 மி.மீ. இடைவெளியில் அரத்தால் சுற்றிலும் கீறி, கம்பியை உருவிவிட்டு ஒடியுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் குழல் நசுங்கித் துளை அடைந்துவிடும். மூன்று கீல்களுக்கு ஒன்பது துண்டுகள் வேண்டும்; ஒன்றரை அங்குல ஊசி ஒன்றிலேயே அவை கிடைத்துவிடும். ஒவ்வொரு துண்டின் முனையையும் உப்புத்தாளில் தேய்த்து, 1.5 மி.மீ. அகலத் தகட்டுப் பட்டையின் ஒரு முனையை அதன்மேல் சுற்றி வளைத்து ஒட்டுங்கள்.

எல்லாரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். என் முதல் லாரியில் மூன்று கீல்களையும் தனித்தனியே செய்து, ஒவ்வொன்றும் அழகாகத் திரும்புவதைப் பார்த்து மகிழ்ந்து ஒட்டினேன். கதவைத் திறந்தபோது நடுக்கீல் பெயர்ந்து கையோடு வந்தது. தனித்தனியே சுழலும் கீல்கள், ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் ஒன்றையொன்று தடுக்கும். ஆகவே ஒன்பது துண்டுகளையும் ஒரே நீளக் கம்பியில் கோத்து, ஒவ்வொரு கீலிலும் ஓரத்து இரண்டின் பட்டைகள் தளத்துக்கும் நடுவிலுள்ளது கதவுக்கும் போகுமாறு திருப்பி, கம்பி வளையாமல் டேப்பால் பிடித்துவைத்த பின்னரே ஒட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் சிமென்ட் உலோகத்தைப் பிடிக்காது. ஃபெவிக்விக் போன்ற பசையே உதவும். ஆனால் அது நூலிடைச் சந்திலும் ஊறிப் பரவும் என்பதால், கம்பியில் மெல்ல வாசலைன் தடவிவிட்டு, குண்டூசி முனையால் பசையை எடுத்துப் பட்டையின் வால்பகுதியில் மட்டும் வையுங்கள். மழைநாளின் ஈரக்காற்றில் இது இன்னும் விரைவாக இறுகும். அன்று ஒவ்வொரு பட்டையாகச் செய்வதே நல்லது.

பசை காய்ந்ததும் கம்பியை உருவினால் கதவு தனியே வந்துவிடும். வாசலைனைத் துடைத்துவிட்டு, தளத்துக்கும் கதவுக்கும் தனித்தனியே பெயின்ட் அடியுங்கள். குழலுக்குள் பெயின்ட் போனால் அந்த 0.08 மி.மீ. இடைவெளி அடைந்துபோகும். மீண்டும் கோக்குமுன் கம்பியைப் பென்சில் கரியால் தேய்த்தால் உராய்வு குறையும், தேய்ந்த இரும்பின் நிறமும் கிடைக்கும். இரு ஓரங்களிலும் அரை மி.மீ. விட்டுக் கம்பியை நறுக்கி, தளத்தோடு சேர்ந்த கடைசிக் குழலின் வெளிமுனையில், ஒரு பக்கம் மட்டும், பசைப் பொட்டு வையுங்கள்.