ஒரு கோவையில் எத்தனை உறுப்புகள்? எண்ணும் முறை

இயற்கணிதக் கோவையில் உறுப்புகளை எண்ணும்போது பலர் எழுத்துகளையும் எண்களையும் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கூட்டல், கழித்தல் குறிகளைத்தான். மாறிகளாகக் க, ப என்ற எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் இருக்கும். எந்த எழுத்தானாலும் வேலை ஒன்றுதான்.

5க² − 3கப + 7

முதலில், ஒவ்வொரு + அல்லது − குறிக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்:

5க² | − 3கப | + 7

துண்டுகள் மூன்று, ஆகவே உறுப்புகளும் மூன்று: 5க², −3கப, 7. குறிக்குப் பின்னால் வெட்டாமல் முன்னால் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. கழித்தல் குறி அதற்கு அடுத்து வரும் உறுப்பைச் சேர்ந்தது. இரண்டாம் உறுப்பின் கெழு, அதாவது மாறிகளைப் பெருக்கும் எண், 3 அல்ல, −3. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

3கப என்பதில் 3, க, ப என மூன்று இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை பெருக்கலால் ஒட்டியிருக்கும் காரணிகள். மூன்றும் சேர்ந்து ஒரே உறுப்பு. வகுத்தலும் அப்படித்தான், க/4 ஓர் உறுப்பு. கோவையின் தொடக்கத்தில் வரும் கழித்தல் குறியும் புதிய உறுப்பை உண்டாக்காது: −க + 2 என்பதில் இரண்டே உறுப்புகள்.

சரி, அடைப்புக்குறி வந்தால்? அதற்குள் இருக்கும் குறிகளில் வெட்டக் கூடாது. 4(க + ப) − 9 என்பதில், எழுதியிருக்கிறபடி 4(க + ப), −9 என இரண்டு உறுப்புகள். விரித்தால் 4க + 4ப − 9, மூன்றாகிவிடும். அதனால் கேள்வியில் ‘சுருக்கி எழுதுக’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் விரித்து, ஒத்த உறுப்புகளை, அதாவது ஒரே மாறிகளும் அதே அடுக்குகளும் கொண்டவற்றை, சேர்த்த பிறகே எண்ண வேண்டும். கப, பக இரண்டும் ஒத்தவை; க², க ஒத்தவை அல்ல, அவற்றைச் சேர்க்க முடியாது.

இதை நீங்களே செய்து பாருங்கள்: 8க − 2(3க − ப) + 5.

எழுதியிருக்கிறபடி 8க, −2(3க − ப), 5 என மூன்று. விரித்தால் 8க − 6க + 2ப + 5, நான்கு. −2-ஐ −ப-ஆல் பெருக்கினால் +2ப வருவதைக் கவனியுங்கள். ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் 2க + 2ப + 5, மறுபடியும் மூன்று.